அலை இல்லாத ஊரிலிருந்து அலைச்சறுக்கு கற்க

சிங்கப்பூரைச் சுற்றிலும் கடல். ஆனாலும் நம்மில் பலருக்குக் கடலோடு உள்ள உறவு தேக்கா ஈரச்சந்தையின் மீன் கடையோடு முடிந்துவிடுகிறது. வஞ்சிரத்தையும் வாவலையும் பார்த்து வாங்கத் தெரியும். அந்த மீன் வாழ்ந்த நீரில் இறங்கிப் பழக்கமில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனால் சைக்கிள் ஓட்டுவோம், கூடாரம் போடுவோம், சாத்தே சாப்பிடுவோம். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

ஜூன் விடுமுறையில் சென்னையில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போகும்போது அலைச்சறுக்கு கற்கப் போகிறேன் என்று பலதுறைத் தொழிற்கல்லூரித் தோழிகளிடம் சொன்னேன். “அதற்கு ஆஸ்திரேலியாவுக்கோ பாலிக்கோ அல்லவா போக வேண்டும்? சென்னையில் யார் சொல்லித் தருவார்கள்?” என்று கேட்டார்கள். சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளம் என்ற மீனவக் கிராமத்தில், தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். மூன்று நாள்கள் அங்கே கற்றதையும், அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் கடலில் அலை ஏன் இல்லை?

கடலலையைப் பெரும்பாலும் காற்றுதான் உருவாக்குகிறது. காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் நீர்ப்பரப்பின்மேல் வீசுகிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அலையின் அளவை முடிவு செய்கின்றன. சிங்கப்பூருக்கு வடக்கே மலாயாத் தீபகற்பம், மேற்கே சுமத்ரா, தெற்கே பாத்தாம், பிந்தான் உள்ளிட்ட ரியாவ் தீவுகள். காற்று நீண்ட தூரம் ஓடி அலையை வளர்க்க இங்கே இடமில்லை. வெளிக்கடலில் பிறந்து வரும் அலைகளையும் இந்த நிலப்பரப்புகள் தடுத்துவிடுகின்றன. நம் துறைமுகம் செழித்ததற்கு இந்த அமைதியான நீரும் ஒரு காரணம். கப்பலுக்கு நல்லதாக அமைந்த கடல், அலைச்சறுக்குக்குப் பயன்படவில்லை.

நமக்கு மிக அருகில் உள்ள அலைகள் மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வீசும்போது ஜோகூரின் தேசாரு, பாகாங்கின் செராத்திங், தியோமன் தீவின் ஜுவாரா ஆகிய மணற்கரைகளில் அலை எழும். சிங்கப்பூரிலிருந்து பலர் வாரயிறுதியில் அங்கே போய் வருகிறார்கள்.

உள்ளூரிலேயே இயந்திர அலையில் சறுக்கிப் பார்த்தவர்களும் இருப்பார்கள். செந்தோசாவில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘வேவ் ஹவுஸ்’ பலருக்கும் நினைவிருக்கலாம். ஆனால், அது வேறு வகை. இயந்திர அலையில் தண்ணீர் வேகமாக ஓடிவரும். அலையின் வடிவம் ஓரிடத்திலேயே நிற்கும். கடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அலை கடக்கும்போது நீர்த்துளிகள் ஏறத்தாழ வட்டமாகச் சுழன்று பழைய இடத்துக்கே திரும்புகின்றன. முன்னேறிச் செல்வது ஆற்றல்தான். இயற்பியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்த வரி, மார்பளவு நீரில் நின்றபோதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. பெரிய அலை ஒன்று என்னைத் தூக்கி, அதே இடத்தில் இறக்கிவிட்டுக் கரையை நோக்கிப் போனது.

மணற்கரையில் முதல் வகுப்பு

கோவளத்தில் பாறைமுனையும் உண்டு, நீண்ட மணற்கரையும் உண்டு. புதியவர்களை மணற்கரைக்கே அழைத்துச் செல்கிறார்கள். அலை, தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். கரை மெல்லச் சரிந்தால் அலையும் மெல்ல உடைந்து, நுரையாகிக் கரைக்கு வரும். செங்குத்தாகச் சரிந்தால் சுருண்டு ‘தொப்’பென விழும். மெல்லச் சரியும் மணற்கரையில் விழுந்தால் அடியில் மணல்தான். பாறையும் பவளமும் உள்ள இடங்களில் விழுந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வகுப்பில் பலகையைத் தொடவே விடவில்லை. எனக்குச் சொல்லித் தந்த அண்ணன் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மணலில் உட்கார வைத்து, “கடலப் பாரு தங்கச்சி. எங்க உடையுது, எங்க உடையல?” என்று கேட்டார். காட்டினேன். நுரை பொங்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே நீர் கருத்து, அமைதியாக இருந்தது. “குளிக்க எங்க எறங்குவ?” என்றார். யாராக இருந்தாலும் அந்த அமைதியான இடத்தைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் அதத்தான் காட்டுவாங்க. ஆள இழுத்துட்டுப் போறது அதுதான்” என்றார்.

பிறகுதான் பலகை. எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான பலகை. கணுக்காலில் ஒரு கயிறு. மணலிலேயே படுத்து, கைகளால் துழாவி, நெஞ்சருகே ஊன்றி எழுந்து நிற்கும் பயிற்சியை இருபது முப்பது முறை செய்ய வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் அந்தப் பயிற்சி பாதி மறந்துவிடும். முதல் நாள் ஒரு முறைகூட நிற்க முடியவில்லை. இரண்டாம் நாள் முழங்காலில் நின்றேன். மூன்றாம் நாள் நான்கைந்து வினாடிகள் நின்றேன். அந்த நான்கைந்து வினாடிகளை வீட்டில் எத்தனை முறை சொன்னேன் என்று என் பாட்டியைக் கேட்டால் தெரியும்.

ஸ்கூலிங்கின் வேகமும் நீரோட்டமும்

அமைதியாகத் தெரிந்த அந்த இடத்தின் கதையை மாணவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அலைகள் தொடர்ந்து நீரைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் உள்ள மணல்மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அதன் வழியாக அது ஒரே ஓட்டமாக வெளியேறுகிறது. இதைத்தான் ‘ரிப் கரண்ட்’ என்கிறார்கள். இடைவெளியில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது.

இதன் வேகம் பொதுவாக வினாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். வலுத்தால் 2 மீட்டரையும் தாண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடிகளில் முடித்துச் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்று தந்தார். அப்படியென்றால் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். வலுவான நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால், ஸ்கூலிங்கே தம் உச்ச வேகத்தில் நீந்தினாலும் நின்ற இடத்திலேயே இருப்பார். நம் நிலை என்ன?

எனவே எதிர்த்து நீந்தக்கூடாது. இந்த நீரோட்டம் ஆளை வெளியே இழுக்குமே தவிர, நீருக்கு அடியில் இழுக்காது. பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து அலைகளே கரைக்குத் தள்ளிவிடும். பெரும்பாலும் மக்கள் மூழ்குவது, கரையை நோக்கி நேராக நீந்தி ஓய்ந்துபோவதால்தான்.

இது அலைச்சறுக்கு வீரர்களுக்கு மட்டுமான பாடம் என்று நினைக்க வேண்டாம். விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் போகாமல் திரும்புவதில்லை. மெரினாவில் கடலில் குளிக்கத் தடை இருந்தும் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அவர்களில் மாணவர்கள் பலர். தொடக்கப்பள்ளியில் ‘சுவிம்சேஃபர்’ திட்டத்தில் நீச்சல் கற்ற நமக்கு, நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நீச்சல் அடிப்படைதான். ஆனால், நீச்சல் குளத்தின் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துச் செல்வதில்லை.

கட்டுமரத்தின் பேரப்பிள்ளைகள்

அலையைக் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல்லே ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லிலிருந்து போனது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, தேவை முடிந்ததும் அவிழ்த்துக் கரையில் உலர்த்தும் எளிய கலம் அது. நீர் உள்ளே புகுந்து மூழ்கடிக்க அதற்கு உட்புறமே இல்லை. உடையும் அலைகளுக்கு நடுவே சென்று வர இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது கடினம்.

சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும், தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர்ந்தனர். துடுப்பு வலித்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். படகு கவிழ்ந்தால் ஆட்களைக் காப்பாற்றக் கட்டுமரங்கள் கூடவே சென்றன. நாகப்பட்டினத்தில் இந்த முறை இன்னும் நெடுங்காலம் நீடித்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் சிங்கப்பூருக்கு வந்த ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏற, அங்கே படகில்தான் செல்ல வேண்டும். சிராங்கூன் சாலையில் இன்று நடமாடும் பல குடும்பங்களின் பயணம், அலையைக் கடக்கத் தெரிந்த யாரோ ஒரு படகுக்காரரின் துணையோடு தொடங்கியிருக்கிறது.

கோவளத்தில் அலைச்சறுக்கைத் தொடங்கிவைத்த மூர்த்தி மேகவன் அந்த மரபில் வந்தவர். மீனவர். சிறுவனாக இருந்தபோதே மரப்பலகையைக் கொண்டு அலையில் விளையாடியவர். வெளிநாட்டவர் ஒருவர் உண்மையான அலைச்சறுக்குப் பலகையோடு வந்ததைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்தார். 2012ஆம் ஆண்டு கோவளத்தில் பள்ளி உருவானது. அவர் பிள்ளைகளுக்கு வைத்த நிபந்தனைகள் எளியவை: படிப்பை விடக்கூடாது, குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தால் பலகை உண்டு.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. அந்த நாளுக்குப் பிறகு பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை. மீன்பிடித் தொழிலின் வருமானமும் நிச்சயமில்லாதது. இந்த நிலையில், கடலைவிட்டு ஓடாமலே வேறொரு வேலை பார்க்கலாம் என்பதை அலைச்சறுக்கு காட்டியிருக்கிறது. பயிற்றுவிப்பாளர், உயிர்காப்பாளர், பலகை பழுதுபார்ப்பவர், போட்டியாளர் என்று அந்த இளையர்கள் இன்று பல வேலைகளைச் செய்கிறார்கள்.

உலக அளவிலும் இதே கதை உண்டு. அலைச்சறுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021ல் நடந்த தோக்கியோ 2020 போட்டியில். இடம், ஜப்பானின் சுரிகசாக்கி என்ற மணற்கரை. ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற பிரேசிலின் இட்டாலோ ஃபெரேரா, மீன் விற்பவரின் மகன். தந்தை மீன் வைத்து விற்ற நுரைப்பெட்டியின் மூடியில்தான் அவர் சறுக்கக் கற்றார்.

“கறுத்துப் போய்விடுவாய்”

நான் கோவளத்துக்குப் போவதில் வீட்டில் எழுந்த முதல் தடை, மூழ்கிவிடுவேன் என்பதன்று. “கறுத்துப் போய்விடுவாய்” என்பதுதான். அத்தை சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், தொலைபேசியில் பெரியம்மாவும் சொன்னார். என் தம்பிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. வெயிலில் தோல் எரிவது உண்மையான ஆபத்து. அதற்கு நீண்ட கைச்சட்டையும் சன்ஸ்கிரீனும் போதும். நிறம் மாறுவது ஆபத்தில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியே நம் பெண்பிள்ளைகளை விளையாட்டுத் திடலிலிருந்தும் கடலிலிருந்தும் தள்ளி வைத்திருக்கிறோம்.

இதற்குப் பதிலாக மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தியைக் காட்டலாம். மீனவர் குடியிருப்பில் வளர்ந்த அவர், சிறுமியாக இருந்தபோது கவுன் அணிந்து வெறுங்காலில் சறுக்குப்பலகையில் பாயும் படத்தை அமெரிக்க வீரர் டோனி ஹாக் பகிர்ந்ததில் பலருக்கும் தெரியவந்தார். அவரையும் அவர் தாயார் சுகந்தியையும் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளை விளையாடவிட்டவர் அந்தத் தாயார். 2024ல் மாலத்தீவில் நடந்த ஆசிய அலைச்சறுக்கு வெற்றியாளர் போட்டியில், அணிகளுக்கான பிரிவில் வெள்ளி வென்ற இந்திய அணியில் கமலியும் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்ட்டில், அதே போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. ஆண்கள் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடைபெறும் 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

மணல் போனால் அலையும் போகும்

மூன்றாம் நாள் தண்ணீரில் இருந்தபோது, எங்கள் பைகளை வைத்த படகுக்கு நேராகத்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் படகு தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. “எல்லாரையும் வடக்கத் தள்ளும். கரையேறி நடந்து வா, மறுபடியும் எறங்கலாம்” என்றார் அண்ணன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால், கரையோரம் வடக்கு நோக்கி ஒரு நீரோட்டம் ஓடுகிறது.

என்னைத் தள்ளிய அதே நீரோட்டம் மணலையும் தள்ளுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் கட்டினால், சுவரின் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கும். மெரினா இவ்வளவு அகலமானது சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் மணலைத் தடுத்ததால்தான். அதே காரணத்தால் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, நகரின் மணற்கரையே காணாமல் போய், கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. பின்னர் நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து, கரையின் ஒரு பகுதியை மீட்டார்கள்.

மணற்கரை போனால் முதலில் பாதிக்கப்படுவது அலைச்சறுக்கு வீரர்கள் அல்லர். படகை இழுத்து வைக்க இடமில்லாமல் போகும் மீனவர்கள்தான். ஆனாலும் தினமும் அலையைப் பார்ப்பவர்களுக்கு மணல்மேடு நகர்வது முதலில் தெரிகிறது.

சிங்கப்பூரருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நாம் சைக்கிள் ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, 1966ல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் கடலிலிருந்து எடுக்கப்பட்ட நிலம். கடல்மட்ட உயர்விலிருந்து அந்தக் கரையைக் காக்க, சுமார் 800 ஹெக்டர் பரப்பில் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை அரசாங்கம் 2023ல் அறிவித்தது. மணல், அலை, நீரோட்டம் ஆகிய மூன்றையும் புரிந்துகொண்ட பொறியாளர்களும் சூழலியலாளர்களும் வரும் பல பத்தாண்டுகளுக்கு நமக்குத் தேவை. புவியியலும் இயற்பியலும் எதற்கு என்று கேட்கும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கு இது ஒரு பதில்.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் நீச்சல். நிற்காமல் 200 மீட்டராவது நீந்தவும், ஐந்து நிமிடமாவது அசையாமல் மிதக்கவும் பழகுங்கள். இது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு. உங்கள் பயிற்றுவிப்பாளர் கூடுதலாகவும் கேட்கலாம்.

அடுத்து, பருவத்தைப் பாருங்கள். நம் பள்ளி விடுமுறைகள் இரண்டும் இதற்குப் பொருந்துகின்றன. ஜூன் மாதம் தமிழகக் கரைக்கு ஏற்றது. டிசம்பரில் அங்கே புயலும் மழையும் இருக்கும். தேசாருவிலும் செராத்திங்கிலும் அலை இருக்கும். ஆனால், பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் நாள்களில் அங்கேயும் கடல் கொந்தளிக்கும். அத்தகைய நாளில் பயிற்றுவிப்பாளர் ‘இன்று வேண்டாம்’ என்றால் வாதாடாதீர்கள்.

தனியாக இறங்காதீர்கள். மென்மையான நீளப் பலகையிலேயே தொடங்குங்கள். கணுக்கால் கயிற்றைக் கட்டாமல் போகாதீர்கள். கட்டணத்தைப் பேசும் முன், உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர் உடன் வருவாரா என்று கேளுங்கள்.

மேலும், தமிழ் தெரிந்த நமக்குக் கோவளத்தில் ஒரு வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. வடகாற்றை வாடை என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்களோடு நேரடியாகப் பேசலாம். அவர்களுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எந்தப் பாடநூலிலும் இல்லை. பலகையில் நிற்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அடுத்த முறை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது தங்கை, தம்பி தண்ணீரில் கால் நனைக்கும் முன் அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.